டம்ளரை வெளிச்சத்தில் பிடிப்பவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது ஒரு தபால் கார்டு வந்து விழும். "இதையெல்லாம் நீங்கள் பார்த்தீர்களா?" என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு இந்த வயதிலும் நான் பயப்படுகிறேன்.

முகாமில் நாங்கள் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம். பதினோரு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெண் என்பதால் அடையாளத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. பதிலுக்கு அவர் எங்கள் எல்லோரையும் 'மிஸ்டர்' என்பார். எந்த மிஸ்டர் என்ற குழப்பம் எங்களுக்கு வந்ததேயில்லை. குற்றம் செய்தவனுக்கு அவர் யாரைக் கேட்கிறார் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆறு வாரம் ஆராய்ச்சிப் பயிற்சி. பி.எஸ்ஸி.யும் பி.இ.யும் படிக்கிற மாணவர்களைப் பல ஊர்களிலிருந்து பொறுக்கி எடுத்து, கெமிஸ்ட்ரி, ஜுவாலஜி, சிவில் என்று கலந்து உட்காரவைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரே விஷயத்தை ஆராய வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கெமிஸ்ட்ரி. மிஸ் ஜுவாலஜி. எங்கள் டைரக்டர் ஒரு ஃபிசிக்ஸ் புரொபசர். "துறை துறையாப் பிரிஞ்சு நிக்காதீங்கய்யா, எல்லாரும் ஒரே பந்தியில ஒக்காரணும்" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். சாப்பாட்டுக்கு மட்டும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே மிஸ் பெயர் வாங்கிவிட்டார். மெஸ்ஸில் தண்ணீர் வைத்த கண்ணாடி டம்ளரை எடுத்து, ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு குடித்தார். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் உடனே ஆளுக்கொரு டம்ளரைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. "ஏதாவது தெரிஞ்சுதா மிஸ்டர்?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். "கண்ணை மூடிட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? நீங்க ரெண்டையும் மூடிட்டீங்க" என்றார்.

மெஸ்காரரிடம் நடந்தது இன்னும் மோசம். "காப்பி திக்கா இருக்கா? எல்லாம் கறந்த பாலு, ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல" என்று அவர் பெருமையாகச் சொன்னார். மற்றவர்களென்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மிஸ் மிகவும் மரியாதையாக, "கறக்கும்போது நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு நாள் அவருக்கு மட்டும் கடுங்காப்பி வந்தது. முகம் சுளிக்காமல் குடித்தார். மூன்றாம் நாள் மெஸ்காரர் தானே வந்து, "காலையில நானே மாட்டுக்காரர் வீட்டுக்குப் போயி நின்னு பாத்தேன்மா. அந்தாளு கலக்கத்தான் செய்யிறாரு" என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் எல்லோருக்குமே காப்பி உருப்பட்டது.

அவரிடம் கிண்டல் கிடையாது, மட்டம் தட்டுகிற எண்ணமும் கிடையாது. பார்த்ததைப் பார்த்தேன் என்பார். பார்க்காததைத் தெரியாது என்பார். இரண்டுக்கும் நடுவில் நாமெல்லாம் வசதியாகக் குடியிருக்கிறோமே ஓர் இடம், அங்கே அவர் காலே வைத்ததில்லை. சில சமயம் இது தாங்கமுடியாத தொல்லை. உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வாரம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

எங்கள் ஆராய்ச்சி குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்து ஊருணியைப் பற்றியது. அந்த ஊரில் வருஷா வருஷம் கோடையில் நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் கிளம்பி, தீயாய் எரிந்து, உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு வெளியே தலைகாட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் இழுக்கவேண்டும். பாதியில் அறுந்தால் கால் சீழ் பிடித்துப்போகும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலோடு ஊருணிப் படியில் இறங்குவார்கள். புழு தண்ணீரில் குஞ்சுகளை விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்ற பொடி உயிர் ஒன்று தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் காலில் ஒரு வருஷம் கழித்துப் புழு கிளம்பும்.

ஊருணியில் சைக்ளாப்ஸ் இருக்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். இருக்கிறது என்றால் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பும். இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள், ஊரும் அப்படியே குடித்துக்கொண்டிருக்கும்.

தினமும் காலையில் வேன் போகும். சிவில்காரர்கள் மட்டம் பிடிப்பார்கள், நான் பாட்டிலில் தண்ணீர் எடுப்பேன். மிஸ் மட்டும் வரமாட்டார். சேர்க்கும்போதே அவருடைய அப்பா அரிமளத்திலிருந்து குடையோடு வந்து, "எம் பொண்ணை வெயில்லயோ வெளியூருக்கோ அனுப்பக்கூடாது சார். லேபுக்குள்ளயே இருக்கட்டும்" என்று டைரக்டரிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதனால் ஊருணியை ஆராயவேண்டிய ஆள் ஊருணியையே பார்க்கவில்லை. நான் கொண்டுவரும் தண்ணீரில் பாதி என் மேஜைக்கு, பாதி அவர் மேஜைக்கு. அவர் ஒவ்வொரு சொட்டாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

மூன்று வாரம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

நோட்டில் தினமும் "நான் பார்த்த சொட்டுகளில் தென்படவில்லை" என்று எழுதிவைத்தார். டைரக்டர் அதைப் படித்துவிட்டு, "இல்லைன்னு ஒரே வார்த்தையில எழுதும்மா, ரிப்போர்ட்டுக்கு அதான் வேணும்" என்றார். "இல்லைன்னு நான் பாக்கலையே சார்" என்றார் மிஸ். டைரக்டர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

நான்காம் வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். அப்பாவுக்குக் கடிதம் போட்டார். வெளியூர் போக அனுமதி கேட்கவில்லை. "நீங்களும் வாங்கப்பா, என்கூடவே வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார். அதே குடையோடு அவரும் வந்து சேர்ந்தார். மறுநாள் வேனில் முன் சீட்டில் அப்பா, பின்னால் மிஸ், அதற்குப் பின்னால் பாட்டில்களோடு நான்.

ஊருணிக் கரையில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தார். களையெடுக்கப் போகிறவர். கணுக்காலில் ஒரு ஈர்க்குச்சியும் அதில் சுற்றிய புழுவும். "இன்னைக்கோட பதினோரு நாளாச்சு. வேலைக்கும் போக முடியல, தண்ணிக்கும் போக முடியல. ரெண்டு பொம்பளப் புள்ளைகளும்தான் கொடம் தூக்குதுக" என்றார். எனக்கு அவரை மூன்று வாரமாகத் தெரியும். தினமும் வணக்கம் சொல்வேன். அந்தக் காலை நான் குனிந்து பார்த்ததில்லை. மிஸ் இறங்கியதும் நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்தார்.

படியிறங்கி ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, மெஸ்ஸில் பிடிப்பதுபோலவே வெயிலுக்கு எதிரே பிடித்தார். வழக்கம்போல் செம்மண் கலங்கல். அப்பா குடையை அவர் தலைக்கு மேலே நீட்டியபடி தானும் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இதுக்குள்ள என்னமோ துள்ளுது?"

குருணையைவிடச் சின்னதாக, வெள்ளையாக, வெட்டி வெட்டி நீந்திக்கொண்டு ஏழெட்டு இருந்தன. மைக்ராஸ்கோப்கூட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

"மிஸ்டர், நீங்க இந்தப் படியிலதான் தண்ணி எடுத்தீங்களா?"

"இங்கதான் மிஸ்."

"எடுத்து?"

"எடுத்து ஒங்க மேஜைக்கு அனுப்புனேன்."

அவர் மேலே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி.க்கு மெட்ராஸில் இடம் கிடைக்க டைரக்டருடைய சிபாரிசுக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தேன். வேன் புதுக்கோட்டை வந்து சேரும்வரை பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு பாட்டிலை எத்தனை தரம்தான் எண்ணுவது?

நான் செய்தது இதுதான். கலங்கல் தண்ணீரில் உப்பின் அளவு பார்த்தால் நிறம் மாறுவது சரியாகத் தெரியாது. அதனால் கெமிஸ்ட்ரிக்காரன் முதல் வேலையாகத் தண்ணீரை ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுவான். என் பங்கை வடிகட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பங்கையும் வடிகட்டினேன். சிவப்பாய்க் கலங்கிய குட்டைத் தண்ணீரை ஒரு பெண் கையில் கொடுப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். பளிங்குபோல வடிகட்டி, மூடி போட்டு, லேபிள் ஒட்டி அனுப்பினேன். சைக்ளாப்ஸெல்லாம் என் பேப்பரில் தங்கிவிட்டன. மிஸ் மூன்று வாரம் என் மரியாதையைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் டைரக்டர் அறையில் மிஸ் டம்ளரை மேஜைமேல் வைத்தார். அவருடைய அப்பா, நான், இரண்டு சிவில்காரர்கள் எல்லோரும் நின்றோம். யூனியன் ஆபீஸுக்குப் போகவேண்டிய ரிப்போர்ட் அரைவாசி டைப் ஆகியிருந்தது. டைரக்டர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் சங்கடம்.

"இது இருக்குதும்மா, நான் இல்லைங்கல. ஆனா மூணு வாரம், நித்தம் எட்டு பாட்டில் பாத்துருக்கே. ஒண்ணுலயும் இல்ல. ஒரு டம்ளரை வச்சுக்கிட்டு அத்தனையும் தப்புன்னு நான் எப்படி எழுதுவேன்? டம்ளர்ல வேற எங்கயாவது பிடிச்ச தண்ணி ஒட்டிக்கிட்டு இருந்துச்சான்னு யூனியன் ஆபீஸ்காரன் கேப்பானே?"

கேள்வி நியாயமானது. மிஸ் அதை மறுக்கவில்லை.

"மூணு வாரமா நான் பாத்தது என்ன தண்ணின்னு எனக்குத் தெரியல சார். அதை மட்டும் எழுதிக்குங்க."

சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும், நிச்சயமாக வந்திருக்கும். ஆனால் நான் வடிகட்டியதை அவர் பார்க்கவில்லையே! பார்க்காததை வைத்து ஒருவன்மேல் பழி சொல்ல அவரால் முடியவில்லை. தன்னுடைய மூன்று வார உழைப்பு கண்ணெதிரே வீணாகும்போதும் முடியவில்லை. அந்த நேர்மைக்கு முன்னால் என் எம்.எஸ்ஸி. சீட் மிக அற்பமாகத் தெரிந்தது.

"சார், நான் வடிகட்டித்தான் கொடுத்தேன்" என்றேன்.

"எதை?"

"மிஸ்ஸுக்குப் போன எல்லாத் தண்ணியையும் சார். கலங்கலா இருந்துச்சு. ஒரு லேடி கையில கொடுக்கிறப்ப..."

 மிஸ்ஸுடைய அப்பா குடையை மேஜையில் சாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். டைரக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "ஒரே பந்தி, ஒரே பந்தின்னு கத்துனேனே, கடைசில ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணியே கெடுத்துட்டீங்களேய்யா" என்றார். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

"மிஸ்டர், அந்தப் பேப்பரெல்லாம் எங்க?"

அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கலங்கல் எத்தனை எடை என்று கணக்கிடுவதற்காக ஒவ்வொரு பேப்பரையும் காயவைத்து நிறுத்து, தேதியும் பாட்டில் நம்பரும் பென்சிலால் எழுதி, கவரில் போட்டு வைத்திருந்தேன். மூன்று வாரத்துக் கவர்களும் டிராயரில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். இதை அவரே கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன்.

நான்கு நாள் அவர் அந்தப் பேப்பர்களை ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தார். செத்துக் காய்ந்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு நாளின் பேப்பரிலும் இருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையை எழுதினேன். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுவேன். "பாத்துட்டு எழுதுங்க மிஸ்டர்" என்று எழுந்து, என்னை லென்ஸுக்கு முன்னால் உட்காரவைப்பார். அந்த முகாமில் பந்தி ஒன்றானது அந்த மேஜையில்தான்.

மூன்றாம் நாள் அவரே திடீரென்று சொன்னார். "ஒங்க பேப்பர்ல நின்னுச்சுன்னா துணியில நிக்காதா? சுவர் வர்ற வரைக்கும் இவங்க தண்ணி குடிக்காமயா இருப்பாங்க?" என் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் அந்தச் சோதனை நடந்தது. ஒரு மடிப்பில் ஊருணித் தண்ணீரை ஊற்றியபோது இரண்டு தப்பி வந்தன. இரண்டு மடிப்பில் ஒன்றும் வரவில்லை. பத்துத் தடவை ஊற்றச் சொன்னார். பத்துத் தடவையும் வரவில்லை.

ரிப்போர்ட்டில் நான் வடிகட்டிய சங்கதியை விட்டுவிடலாமே என்று அவரிடம் தனியாகக் கெஞ்சினேன். "விட்டா அடுத்த வருஷம் வர்றவங்களும் வடிகட்டித்தான் குடுப்பாங்க" என்றார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்றிருந்தேன். டைப் அடித்து வந்த தாளில், "முதல் மூன்று வாரத்து மாதிரிகளை நாங்கள் தவறுதலாக வடிகட்டிவிட்டோம்" என்று இருந்தது. நான்தானே செய்தேன், நாங்கள் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"மூணு வாரம் எங்கிட்டு இருந்து தண்ணி வருதுன்னு போய்ப் பாக்காம ஒக்காந்திருந்தேன்ல? அதுல பாதி என்னுது" என்றார்.

டைரக்டர் எனக்குக் கடிதம் கொடுத்தார், சீட்டும் கிடைத்தது. கவர் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தார் என்று நான் பார்க்கவில்லை, ஆகவே சொல்லமாட்டேன்.

முகாமின் கடைசி நாள் துணியோடு வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனோம். மிஸ் டம்ளரை நீட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே தாயி" என்றவர், கொஞ்சம் திருப்பிப் பிடித்ததும், "அடி ஆத்தா! இதையா குடிச்சுக்கிட்டு இருந்தோம்!" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு துணியைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, மிஸ்ஸை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுல வடிச்சா வராதுங்கிற. நீ பாத்தியா?"

மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை அந்த ஒரு தடவைதான் கேட்டேன். "பாத்தேன். ரெண்டு மடிப்பாக் கட்டணும்" என்றார். வெள்ளையம்மாள் அங்கேயே குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டி ஊற்றச் சொல்லி, வடிந்ததை டம்ளரில் பிடித்துத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். புறப்படும்போது மிஸ் என்னிடம், "வர்ற கோடையில வர்றது ஏற்கெனவே குடிச்சதுக்கு. அதுக்கடுத்த கோடையிலதான் துணி வேலை செஞ்சுதான்னு தெரியும்" என்றார்.

அவர் சொன்ன அந்த இரண்டாவது கோடையை நான் மறந்திருந்தேன். எம்.எஸ்ஸி. முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு எங்கள் ஊர் திருவரங்குளத்துக்கு வந்திருந்தேன். வீட்டில் ஒரு கார்டு காத்திருந்தது. மிஸ் அப்போது தெற்கே ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். "எனக்கு லீவு இல்லை. வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போங்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்."

போனேன். யூனியன் ஆபீஸில் சுவருக்கான காகிதம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ஊருணியில் அதே படிகள். வெள்ளையம்மாள் வீட்டுக் குடத்தின் வாயில் துணி இருந்தது, இரண்டு மடிப்பு. வெள்ளையம்மாள், மாமியார், இரண்டு பெண்கள் என்று நான்கு பேருடைய எட்டுக் காலையும் குனிந்து பார்த்தேன். என்னை ஏதோ கவர்மெண்டு ஆள் என்று நினைத்து மாமியார் சேலையை இழுத்து விட்டுக்கொண்டார். ஒரு காலிலும் ஒன்றுமில்லை. எனக்கு எழுந்து ஆடலாம்போல் இருந்தது.

அப்போது வெள்ளையம்மாளின் வீட்டுக்காரர் வயலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். இடது கணுக்காலில் ஈர்க்குச்சி.

"நான் கரடியாக் கத்துனேங்க. இந்த மனுசனுக்கு வயக்காட்டுல இருந்து வர்ற வழியில ஊருணியில எறங்கி ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சாத்தான் தாகம் அடங்குமாம்" என்றார் வெள்ளையம்மாள்.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது நான் யோசித்தது அழகான யோசனை அல்ல. நான்கு பேருக்கு வரவில்லை என்று மட்டும் எழுதினால் அதுவும் பார்த்ததுதானே? அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார்! ஆனாலும் பஸ் ஸ்டாப்பிலேயே கார்டை எடுத்து, அந்த மனிதரின் காலை முதல் வரியிலும், மற்ற நால்வரை இரண்டாவது வரியிலும், கையால் அள்ளிக் குடிக்கிற கதையை மூன்றாவது வரியிலும் எழுதித் தபாலில் போட்டேன். மனசு கனத்துத்தான் போனது.

பத்து நாளில் பதில் வந்தது. அந்தக் கார்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

"ஒருவருக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மற்ற நான்கு பேருக்கு வரவில்லை என்பதை நான் போய்ப் பார்க்காமலே நம்புகிறேன். மிக்க மகிழ்ச்சி."

பார்க்காமலே நம்புகிறேன் என்று அவர் எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அதற்குப் பிறகு எனக்குப் பட்டங்கள் வந்தன, யாரோ பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். எதுவும் அந்த வரிக்கு ஈடாகவில்லை. ஆனால் கார்டின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, இன்னும் ஒரு வரி எழுதியிருந்தார்.

"அவர் கையால் அள்ளிக் குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் குன்றாண்டார்கோவிலுக்குக் கிளம்பினேன். பையில் ஒரு கண்ணாடி டம்ளரையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.